தெய்வத்துக்குப் பாடியதற்குக் கைதட்டலாமா?

போர்னியோவின் ஓசைகள் – 9

சென்ற வாரம் எங்கெருமோங், தாவாக் என்று இபான் மக்களின் கோங்கு வகைகளைப் பார்த்தோம். இந்த வாரம், மேடைக்கு எதிரே இருப்பவர்கள்.

சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கில் ‘நாடிங் ராப்சடி’ என்றொரு குழு உண்டு. இபான் சடங்குப் பாட்டின் தொனியை எடுத்துப் பரிசோதனை இசை செய்கிறவர்கள். ‘அவான் கார்ட்’ என்றே தங்கள் பாணியைச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்த மாதிரி இசைக்கு முன்னால் எப்படி நடந்துகொள்வது? எழுந்து ஆடலாமா, கண்ணை மூடிக் கேட்கலாமா? விடை, இபான் குடும்பங்கள் பல ஒரே கூரையின்கீழ் வாழும் நீள்வீட்டுக்குள் இருக்கிறது.

நீள்வீட்டுக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான தாழ்வாரத்துக்கு ருவாய் என்று பெயர். ஒருவர் தீராத நோயில் விழுந்தால், அவருடைய ஆவி உடலை விட்டு எங்கோ அலைகிறது என்பது நம்பிக்கை. அதை மீட்டுவர மனாங் என்ற சடங்கு வைத்தியர் வருவார். நட்டுவைத்த ஈட்டியைச் சுற்றிப் பாடியபடியே வலம் வருவார். ஒரு கட்டத்தில் சரிந்து விழுவார். போர்வையால் மூடிவிடுவார்கள். ஆவியைத் தேடி அவர் போயிருக்கிறார் என்று அர்த்தம். எழுந்ததும், பிடித்து வந்த ஆவியை நோயாளியின் தலைவழியே உடலில் சேர்ப்பார். இதற்குப் பெலியான் என்று பெயர். சுற்றியிருப்பவர்கள் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பேச்சு, சிரிப்பு எல்லாம் உண்டு. பாட்டிலேயே கேலியும் உண்டு.

காவாய் விழாக்களில் லெமம்பாங் பாடகர்கள் ருவாயில் நடந்தபடி விடிய விடியப் பாடுவார்கள். தூதர்கள் புறப்பட்டுப் போய், சிங்ஙாலாங் பூரோங் தெய்வத்தை அழைத்து வரும் பயணம்தான் பாட்டு. பாட்டில் தெய்வம் வந்து சேரும்போது, வீட்டார் நிஜமாகவே எழுந்து படையலோடு வரவேற்பார்கள். இதை ஆராய்ந்து 1997இல் நூலாக வெளியிட்ட ஜேம்ஸ் மாசிங்கும் இபான்காரர்தான். பின்னாளில் சரவாக்கின் துணை முதலமைச்சரானார்.

ஆக, இந்தப் பாட்டின் முதல் ரசிகர் தெய்வம். கூடியிருக்கும் ஜனங்கள் விருந்து கொடுப்பவர்கள். இதே சடங்குப் பாட்டு மேடைக்கு வரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ராத்திரி முழுக்க நீள்வது சில நிமிடங்களில் முடிகிறது. பாடகர் சரிந்து விழுந்தால் கைதட்டல் கிடைக்கும்; ருவாயில் அந்த நேரத்தில்தான் நோயாளியின் உயிர் ஊசலாடுகிறது. பழைய முறையில் வளர்ந்த ஒருவர் இதைக் கண்டு நெளிந்தால் அதைப் பத்தாம்பசலித்தனம் என்று தள்ளிவிட முடியாது. படையல் இல்லாமல் கூப்பிட்டால், வந்த விருந்தாளிக்கு யார் பதில் சொல்வது?

1998 முதல் சரவாக்கின் சந்துபோங் மலையடிவாரத்தில் நடக்கும் மழைக்காடு உலக இசை விழாவில் பகலில் பயிலரங்குகள் உண்டு. கலைஞர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம், கருவியைத் தொட்டுப் பார்க்கலாம். ராத்திரி மேடையைவிட ருவாய்க்கு நெருக்கமானது இதுதான். இந்த இசைக்கு முன்னால் கண்மூடி அசையாமல் இருக்கும் தேர்ந்த ரசிகரைவிட, பக்கத்தில் இருப்பவரிடம் “இப்போ என்ன நடக்குது?” என்று கேட்கிறவர்தான் சரியான இடத்தில் இருக்கிறார் என்பேன்.

அடுத்த வாரம்: ஆற்றின் மேல்பகுதியில் ஒலிக்கும் சாபே.

(தொடரும்)