மாடித் தொட்டிக்கு ஏற்ற மீன் விரால்

தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மேலே வரவிடாமல் வலைகட்டித் தடுத்தால் விரால் மீன் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. செவுளுக்கு மேலே தலைக்குள் இருக்கும் அறையில் காற்றை நிரப்பிக்கொண்டு அதிலிருந்தும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. கண்மாய் வற்றிச் சேறான பிறகும் விரால் உயிரோடு கையில் சிக்குவது இதனால்தான். மதுரையில் மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் முதலில் இந்த மீனைத்தான் யோசிக்க வேண்டும்.

மீன் தின்னும் தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அதன் உடம்பில் தங்குவதில்லை. அம்மோனியாவாக, முக்கியமாகச் செவுள் வழியாக, தண்ணீருக்கே திரும்புகிறது. அந்தத் தண்ணீரைச் சரளைக்கல் பரப்பிய பாத்திக்கு மோட்டார் ஏற்றுகிறது. கல்லில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை வேர் உறிஞ்சிக்கொள்ள, தண்ணீர் மறுபடி தொட்டிக்கு இறங்கும். செடி குடித்ததும் வெயிலில் ஆவியானதும் போக, மிச்சமெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பாக்டீரியா பெருகி நிலைக்கச் சில வாரங்கள் ஆகும். பலருடைய மீன்கள் சாவது அதற்குள் அவசரப்பட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவதால்தான்.

மதுரை வெயில் இங்கே கூடுதல் சோதனை. அம்மோனியா முழுவதும் விஷமல்ல. அதில் அயனியாகாத பகுதிதான் மீனைக் கொல்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பி.எச். 7 ஆக இருந்தால் அந்தப் பகுதி 1 சதவீதம்கூட இல்லை. பி.எச். 8 ஆனால் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். போர் தண்ணீர் உப்பும் காரமுமாக இருக்கும் பகுதிகளில் இதைச் சோதிக்காமல் மீன் விடவே கூடாது. ஆக்சிஜன் கதையும் இப்படித்தான். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைத் தாங்கும். 35 டிகிரியில் சுமார் 7 மட்டுமே. அதிலும் பாக்டீரியா பங்கு கேட்கும்: 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 4 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். சித்திரை மாதத்து இரவில் கரண்ட் போனால், செவுளை மட்டுமே நம்பும் மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் விடிவதற்குள் எல்லாம் மிதந்துவிடலாம்.

உலகமெங்கும் அக்வாபோனிக்ஸ் தொட்டிகளில் அதிகம் விடப்படுவது திலேப்பியா, அதாவது நம் ஊர் ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. கண்மாய்களில் பல்கிப் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதைப் பண்ணையில் வளர்க்க மீன்வளத்துறையின் அனுமதி தேவை. கையில் விரால் இருக்கும்போது அந்த வழிக்குப் போவானேன்?

விராலைப் பற்றிய அடிப்படை ஆய்வு மதுரையிலேயே நடந்திருக்கிறது. 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாண்டியனும் இ. விவேகானந்தனும், விரால் தின்பதில் எவ்வளவு சதையாகிறது, காற்றுக்காக மேலே வந்து போவதில் எவ்வளவு செலவாகிறது என்று அளந்தார்கள். ஆழம் கூடினால் ஒவ்வொரு மூச்சுக்கும் அதிக தூரம் நீந்த வேண்டும். அந்த அளவுக்கு வளர்ச்சி குறையும். தொட்டி கட்டுகிறவருக்கு இது நேரடியான பாடம்: ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடேறும் என்பதால் மேலே நிழல்வலை கட்டாயம்.

விராலிடமும் தொல்லை உண்டு. தொட்டியை விட்டுத் துள்ளிக் குதிக்கும். பெரியது சின்னதை விழுங்கும். அதனால் மேலே வலை வேண்டும், அளவு பார்த்துப் பிரித்துவிட வேண்டும். குச்சித் தீவனத்துக்குப் பழக்கிய குஞ்சுகளாகக் கேட்டு வாங்க வேண்டும். கரண்ட் போனாலும் விரால் தாங்கும். சரளையில் உள்ள பாக்டீரியா நெடுநேரம் தாங்காது. காற்று மோட்டாருக்கு ஒரு பேட்டரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தக்காளியும் கத்தரியும் பொட்டாசியமும் இரும்பும் கூடுதலாகக் கேட்கும். மீன் தீவனத்தில் அவை போதாது. முதல் வருஷம் தண்டுக்கீரை, அரைக்கீரை, புதினா போதும்.