மேஜர் கம்ப்யூட்டர், முதல் தாள் தமிழ்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வந்து சேர்ந்தது எண்பதுகளில். அதையே படித்துவிட்டு வந்த ஆசிரியர்கள் அப்போது அரிது. கணிதமும் இயற்பியலும் நடத்திக்கொண்டிருந்தவர்களே ஒரு டிப்ளமோ முடித்து வந்து பாஸ்கல் மொழியையும் கோபால் மொழியையும் சொல்லிக்கொடுத்தார்கள். பல கல்லூரிகளில் அது சுயநிதிப் பாடம். கட்டணம் அதிகம், இருந்ததோ ஒரே ஒரு வகுப்பு. வரலாறு, பொருளாதாரம், தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் நடமாடும் அதே வராந்தாவில், கம்ப்யூட்டர் மேஜர் என்றால் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பார்கள்.

லேப் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். முதல்வர் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, லேபில் ஏ.சி. ஓடும். ஒரு மெஷினுக்கு இரண்டு மூன்று பேர். முறை வருவதற்குள் மணி அடித்துவிடும் என்பதால், புரோகிராமைக் காகிதத்திலேயே முழுசாக முடித்துக்கொண்டு போவது வழக்கம். நோட்டில் கட்டம் போட்டு, ஐ-யின் மதிப்பு இப்போது என்ன, ஜே-யின் மதிப்பு என்ன என்று வரிவரியாக எழுதிப் பார்ப்பார்கள். அதற்கு ‘டிரை ரன்’ என்று பெயர். எங்கே தப்பு என்பதை மெஷின் சொல்வதற்கு முன்பே பென்சில் சொல்லிவிடும். வசதி இல்லாததால் வந்த பழக்கம்தான். ஆனாலும் அந்தத் தலைமுறையின் சிந்தனையைக் கூர்தீட்டியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

செய்முறைத் தேர்வன்று எக்ஸ்டர்னல் முன்னால் மடித்துப் போட்ட சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். ஃபிபனாச்சி வரிசை வந்தால் நிம்மதி. மேட்ரிக்ஸ் பெருக்கல் வந்தால் முகம் மாறும். திருப்பிப் படித்தாலும் மாறாத சொல்லைக் கண்டுபிடிக்கும் பாலிண்ட்ரோம் வந்தால் ‘மேடம்’ என்று ஆங்கிலத்தில் அடித்துக் காட்டிவிட்டு வைவாவுக்குப் போய்விடலாம்.

பட்டம் முடித்தவர்களுக்கு அடுத்த படி எம்.சி.ஏ. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் தலைமையிலான குழுதான் எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் படிப்பைப் பரிந்துரைத்தது. பொறியியல் படிக்காதவர்களும் மென்பொருள் துறைக்குள் முறையாக நுழைய அது ஒரு கதவைத் திறந்துவைத்தது. விப்ரோ நிறுவனம் 1995-ல் பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து, பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலையோடு எம்.எஸ். படிக்கவைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2000-ஆவது ஆண்டு பிறக்கும்போது கணினிகளுக்குத் தேதி குழம்பிவிடும் என்ற அச்சம் உலகையே பிடித்து ஆட்டியபோது, பழைய பாடமாகிவிட்ட கோபாலுக்குத் திடீரென்று ஏக கிராக்கி.

பிறகு பொறியியல் கல்லூரிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. ‘எந்தக் காலேஜ், என்ன மேஜர்?’ என்று கேட்ட உறவினர்கள், ‘ஏன், என்ஜினீயரிங் கிடைக்கலையா?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கலை, அறிவியல் பிரிவில் சேர்ந்து கம்ப்யூட்டர் சயின்ஸை மேஜராக எடுத்தவர்களுக்குப் பல பத்தாண்டுகளாக பி.ஏ. பட்டம்தான் தந்தார்கள். பொறியியல் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு பி.எஸ். இரு தரப்பும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படித்து ஒரே தேர்வை எழுதினார்கள். பி.ஏ. என்பதால் யாரும் அவர்களைக் குறைத்து எடைபோடவில்லை.

இன்று இங்கே கம்ப்யூட்டர் இல்லாத கலைக் கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., பி.சி.ஏ., பி.காம். சி.ஏ., செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று பலகை நீண்டுகொண்டே போகிறது. வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் மனம் நிறைகிறது. அரசுக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில், விசைத்தறித் தொழிலாளியின் மகளும் கட்டட வேலைக்குப் போகிறவரின் மகனும் மேஜர் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். வீட்டின் முதல் பட்டதாரிகள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. 2024-லிருந்து மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். பஸ் பிடித்து வந்து போகிறவர்களுக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். பிளஸ் டூ பாடப்புத்தகத்திலேயே 2019 முதல் பைதான் இருப்பதால், கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டர் அந்நியமாக இல்லை. மெஷினுக்கு வரிசையில் நின்ற காலம் போய், கைபேசியிலேயே நிரல் ஓடுகிறது. இதில் எதையும் பழைய நாளுக்கு ஈடாக விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் இடங்கள் முதலில் நிரம்ப, பக்கத்திலேயே கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பல கல்லூரிகளில் ஆள் சேர்வதில்லை. கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு அலைடு கணிதம் நடத்தியது கணிதத் துறைதான். அது மெலிந்தால் செயற்கை நுண்ணறிவு என்று பலகை மாட்டிய வகுப்பில் நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் யார் ஊன்றி நடத்துவார்கள்? இன்னொன்று, ரெக்கார்டு நோட்டுக்கான புரோகிராமை இப்போது சாட்ஜிபிடி நொடியில் எழுதித் தருகிறது. பிழையில்லாமல் ஓடவும் ஓடுகிறது. ஆனால் ஐ-யின் மதிப்பு எந்த வரியில் மாறியது என்று கேட்டால் பல மாணவர்கள் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. பாலிண்ட்ரோமையும் ஃபிபனாச்சியையும் ஆண்டாண்டாக மாற்றாமல் கேட்டுக்கொண்டிருப்பது நாம்தான்.

கலைக் கல்லூரிக்கே உரிய ஒரு சொத்து இங்கேதான் கைகொடுக்கும். மேஜர் எதுவானாலும் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், அதன் பிறகுதான் பகுதி மூன்றில் மேஜரும் அலைடும். சங்க இலக்கியமும் புணர்ச்சி விதியும் படித்துவிட்டு அடுத்த மணி நேரம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்புக்குப் போகிற மாணவர் இந்தக் கல்லூரிகளில் மட்டும்தான் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டு வகுப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

பார்த்துக்கொண்டால் என்ன நடக்கும்? அந்தப் பழைய பாலிண்ட்ரோம் புரோகிராமையே எடுத்துக்கொள்வோம். பைதானில் ஒரே வரி. ‘விகடகவி’ என்று கொடுத்தால், இது பாலிண்ட்ரோம் இல்லை என்கிறது! காரணம், யூனிகோடு ‘வி’ என்பதை ஓர் எழுத்தாக வைத்திருக்கவில்லை. வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கிறது. திருப்பிப் போடும்போது குறி முன்னால் வந்து நிற்கிறது. நமக்கு ஐந்து எழுத்து, மெஷினுக்கு ஏழு. ‘மரம்’ என்ற சொல்லுக்கு நீளம் நான்கு என்று விடை வரும். மகர மெய்யின் புள்ளியும் தனியே எண்ணப்படுகிறது. உயிர்மெய் என்றால் என்ன என்பதை நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் விகடகவி விகடகவியாகும். ஓப்பன்-தமிழ் என்ற இலவசப் பைதான் தொகுப்பு அதைச் செய்து வைத்திருக்கிறது. மாணவர் அதைத் திறந்து படிக்கலாம். அதற்கு முன் தானே ஒன்று எழுதியும் பார்க்கலாம்.

அடுத்து, பன்மையாக்கும் புரோகிராம். மரம் மரங்கள் ஆகும், அது எளிது. கல் கற்கள், சொல் சொற்கள், பல் பற்கள். சரி, லகர மெய்யில் முடிந்தால் றகரம் போடு என்று ஒரு விதி எழுதினால் கடல் ‘கடற்கள்’ ஆகிவிடும், கால் ‘காற்கள்’ ஆகிவிடும். தனிக்குறிலை அடுத்து வந்தால்தான் அந்த மாற்றம் என்பதை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். குறில் எது, நெடில் எது, முன்னால் எத்தனை எழுத்து என்று நிரல் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்குக் காகிதமும் பென்சிலும் மறுபடி தேவைப்படும். சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தாலும், விடை சரியா என்று சொல்ல அந்த வகுப்பிலேயே எல்லோராலும் முடியும். அது அவர்கள் வீட்டுப் பேச்சு.

பல பாடத்திட்டங்களில் கணினித் தமிழ் இப்போதே ஓர் அலகாக இருக்கிறது. எழுத்துரு, விசைப்பலகை, ஒருங்குறி என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டுப் போகிறார்கள். லேப் வாசலை அது எட்டுவதில்லை. கம்ப்யூட்டர் துறையின் பாடத்திட்டக் குழுவில் தமிழ்த் துறையிலிருந்து ஒருவரை உட்காரவைத்து, மூன்றாம் செமஸ்டரின் செய்முறைப் பயிற்சியில் பாதியை இரு துறையும் சேர்ந்து அமைக்கலாம். புதிய கட்டடமோ புதிய பட்டப் பெயரோ இதற்கு வேண்டியதில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன என்பதால், வருகிற கல்வியாண்டிலேயே அவை தொடங்கிவிட முடியும்.