வேடத்தின் தெய்வமும் நடுகல்லின் தெய்வமும்

மக்களுள் ஒருவரைத் தெய்வமாக உயர்த்தி வழிபடுதல் தமிழர்க்குப் புதுவதன்று. அவ்வாறு உயர்ந்த வரலாற்றைக் கட்டங்களாகப் பகுத்து உருவில் காட்டுதலும் புதுவதன்று. ஓசூரை அடுத்துத் தென்பெண்ணையாற்றை ஒட்டி அமைந்த தொரப்பள்ளி, 1878ஆம் ஆண்டில் இராசாசி பிறந்த ஊர் என்பதனைப் பலரும் அறிவர். அவ்வூரை உட்கொண்ட கிருட்டினகிரி மாவட்டம் நடுகற்கள் மலிந்த நிலப்பகுதியாகும். கன்னட நாட்டு எல்லையை ஒட்டித் தொழிற்சாலைகள் பெருகியுள்ள இக்காலத்தும் அக்கற்கள் ஆங்காங்கே நிலைபெற்றுள்ளன. அவற்றுட் சில 'வேடியப்பன்' என்னும் பெயரால் இன்றும் பூசை கொள்கின்றன.

இம்மரபை நன்கு அறிந்த நமக்கு, கடல் கடந்த நாட்டில் தோன்றிய ஒரு படக்கதைத் தொடர் ஆராய்ச்சிக்குரிய வினாவொன்றை எழுப்புகின்றது. 'கிஸ்' என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவினரை மானிடர்க்கு மேம்பட்ட ஆற்றலினராகப் படைத்துக் காட்டுவது அத்தொடர். அதனை நம் நடுகல் மரபோடு ஒப்பிடுதல் பொருந்துமோ, பிறிதொரு மரபோடு ஒப்பிடுதல் பொருந்துமோ என்பதே ஈண்டு ஆராயப்படும்.

1. இசைக்குழுவும் படக்கதையும்

இக்குழு 1973ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தோன்றியது. பால் ஸ்டான்லி, ஜீன் சிம்மன்சு, ஏசு ஃபிரேலி, பீட்டர் கிறிசு என்னும் நால்வரும் முகத்தில் வண்ணம் பூசி மேடையேறினர். விண்மீன் பிள்ளை, பேய், விண்வெளி மாந்தன், பூனை மாந்தன் என நால்வர்க்கும் நான்கு கோலங்கள் அமைந்தன. இசையைக் கேட்டோர் கோலத்தையும் உடன்கொண்டனர்.

1977ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனம் இவர்களைத் தலைவராகக் கொண்ட படக்கதை இதழொன்றை வெளியிட்டது. அதன் கதையை எழுதியவர் ஸ்டீவ் கெர்பர். அக்கதையில் நால்வரும் முதற்கண் இயல்பான மாந்தரே; மந்திரப் பொருள்கள் கைவந்த பின்னரே ஆற்றல் பெறுகின்றனர். அவ்விதழை அச்சிடுதற்குரிய சிவப்பு மையில் குழுவினர் தம் குருதியைச் சிறிது கலந்தனர் என்பது பலரறிந்த செய்தி. விற்பனை கருதிய செயலே எனினும், அதன்கண் ஒரு பழைய நம்பிக்கை உறைகின்றது. குருதி சிந்தியவன் உரு வெறும் உருவன்று என்பதே அந்நம்பிக்கை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1997இல், 'சைக்கோ சர்க்கசு' என்னும் தொடர் தொடங்கிற்று. டாடு மெக்ஃபார்லேனின் நிறுவனம் அதனை இமேஜ் காமிக்சு வாயிலாக வெளியிட்டது. பிரையன் ஓல்குயின் எழுத, ஏஞ்சல் மெதினா ஓவியம் வரைந்தார். 2000ஆம் ஆண்டு வரை 31 இதழ்கள் வெளிவந்தன. இத்தொடரில் இசைக்குழு என ஒன்று இல்லை. பாடகரும் இல்லை, பறையறைவோரும் இல்லை. ஊர்தோறும் தோன்றி மறையும் ஒரு மாயச் சர்க்கசும், அதனை ஆளும் நான்கு தெய்வ ஆற்றல்களுமே உள்ளன. நால்வராய் நின்றும் ஒருவரே ஆவர் என அவர்கள் பேசப்படுகின்றனர்.

முதற்கதையில் மாந்தர் தெய்வ நிலை எய்தினர். பிற்கதையில் மாந்தர் மறைந்து கோலம் மட்டுமே தெய்வமாய் நின்றது. இவ்வேறுபாட்டை உளங்கொள்ளல் வேண்டும்.

2. நடுகல்லோடு ஒப்புமை

கல்லைக் கண்டு தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது ஈறாக உள்ள நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறாகப் பகுத்துரைக்கும். பிற்கால நடுகற்களுட் சில மூன்று அடுக்குகளாகச் செதுக்கப்பெற்றவை. கீழடுக்கில் வீரன் பொருது வீழ்கின்றான். இடையடுக்கில் வானமகளிர் அவனை மேலே கொண்டு செல்கின்றனர். மேலடுக்கில் அவன் தெய்வ உலகில் வீற்றிருக்கின்றான். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய படக்கதை இது எனல் மிகையாகாது.

ஆயினும் ஒப்புமை இவ்வளவில் நின்றுவிடுகின்றது. நடுகல்லில் தெய்வமாதற்கு வாயில் இறப்பு. ஆநிரை மீட்டோ ஊரைக் காத்தோ உயிர் கொடுத்தவனுக்கே கல் உண்டு. ஒருவன் பெற்ற கல்லைப் பிறனொருவன் தனதாகக் கொள்ளுதல் இயலாது. வேறொருவன் வீழ்ந்தால் வேறொரு கல்லே நடப்பெறும். கிஸ் குழுவினரோ வாழுங்காலத்தே, தம் இசைவோடு, தெய்வமாக வரையப்பெற்றனர்.

3. கூத்தோடு ஒப்புமை

இனி, இத்தொடர்க்கு அணித்தாக உள்ள நம் மரபு தெருக்கூத்தே என்பது எம் துணிபு. பாரதக் கூத்தில் முகத்திற் பூசிய வண்ணமும் தலையில் வைத்த முடியும் பாத்திரத்தை அறிவிக்கும். அருச்சுனன் தபசு நிகழும் நாளில் வேடதாரி உயர்ந்த தபசு மரத்தில் ஏறுகின்றார். அங்கிருந்து அவர் எறியும் எலுமிச்சங்கனியை மக்கள் வரமெனக் கருதி ஏந்துகின்றனர். வேடம் கலைந்தபின் அவர் மீண்டும் அயல்வீட்டுக்காரரே. அவர் முதுமையடைந்தால் வேறொருவர் அவ்வேடத்தை ஏற்பர், அருச்சுனன் முதுமையடைவதில்லை.

இசைக்குழுவின் வரலாறும் இதற்குச் சான்றாகின்றது. 1980இல் பீட்டர் கிறிசு விலகியபோது அவரிடத்துக்கு வந்த எரிக் கார் புதிதாக நரிக்கோலம் பூண்டார். 1982இல் ஏசு ஃபிரேலியின் இடத்துக்கு வந்த வின்னி வின்சென்டுக்கும் புதுக்கோலமே அமைந்தது. 'வேறொருவற்கு வேறொரு கல்' என்னும் நடுகல் நெறியோடு இஃது ஒக்கும். 1983 முதல் குழுவினர் வண்ணமின்றியே தோன்றினர். 1996இல் பழைய நால்வரும் கூடிப் பழைய கோலத்தை மீண்டும் புனைந்தனர். 2001ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் எரிக் சிங்கர் பூனைக்கோலத்தையும் டாமி தேயர் விண்வெளிக் கோலத்தையும் அவ்வாறே ஏற்றனர். ஈண்டு நடுகல் நெறி நீங்கிக் கூத்து நெறி புகுந்தது.

இவ்விரு காலங்கட்கும் இடையே வெளிவந்ததே 1997ஆம் ஆண்டுத் தொடர். படக்கதையே இம்மாற்றத்திற்குக் காரணம் எனத் துணிதற்கில்லை. ஆயினும் மேடையில் பின்னர் நிகழ்ந்ததனை ஏட்டில் முன்னரே காட்டிற்று என்னலாம். 2023 திசம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கில் இக்குழு இறுதி நிகழ்ச்சியை நடத்தியபோது, கணினியால் ஆக்கிய உருக்கள் திரையில் தோன்றிப் பாடின. ஆடுவோர் இறங்கினர், வேடம் இறங்கவில்லை.

4. முடிபு

கூத்தினின்றும் இது வேறுபடும் இடம் ஒன்றுண்டு. அருச்சுனன் ஆடுவோர்க்கு முன்னரே உள்ளவன். அவன் எவர்க்கும் உடைமையல்லன். நடுகல்லின் வீரனும் ஊர்ப்பொதுவே. கிஸ் கோலங்களோ ஆடினோரே படைத்தவை. பின்னர் அவரைவிட்டு நீங்கி விலைக்குரிய பொருளாயின. படைத்தவன் நீங்கியும் படைப்பு நிற்கும் என்பது பழைய உண்மை. அதனைப் போற்றுவோர் ஒருபுறமும் உடையோர் ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்றலே புதியது.

ஆதலின் படக்கதை சிறுவர்க்கே உரியது என ஒதுக்குதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. 1972 முதல் முத்து காமிக்சு வாயிலாகத் தமிழிற் புகுந்த இரும்புக்கை மாயாவி முதலிய தலைவர்களையும் இந்நெறியில் ஆராயலாம். அத்தகைய ஆராய்ச்சி மேற்கொள்வோர், தலைவனின் ஆற்றல் எத்தகையது என்பதனோடு, அவ்வுரு யார்க்குரியது என்னும் வினாவையும் எழுப்புவாராக. அவ்வினாவிற்குப் பெயரறியா ஊரினர் நட்ட வேடியப்பன் கல் ஒருவகை விடையைத் தருகின்றது. வண்ணம் பூசிய நால்வரின் படக்கதை மற்றொருவகை விடையைத் தருகின்றது.