காணாததையும் எழுதுங்கள்

கார்த்திகை, மார்கழி மழையில் மட்டக்களப்பு வாவி கரை தட்டி நிற்கும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களில் வெள்ளம் ஏறத் தொடங்கினால், கல்லாற்றில் முகத்துவாரம் வெட்டியாயிற்றா என்பதே ஊரெங்கும் கேள்வி. மணல்திட்டு அறுந்து நீர் கடலுக்குள் பாய்ந்த பின், வாவியின் ஓரங்களில் சேறு தலைகாட்டும். புழுவும் சிறுநண்டும் இறால் குஞ்சும் நிறைந்த அந்தச் சேறு, வடக்கே சைபீரியா வரையுள்ள நிலங்களிலிருந்து வந்திறங்கிய கரைப்பறவைகளுக்கு விரித்த பந்தி.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் களுவாஞ்சிக்குடிப் பிள்ளைகள் முதுகுப்பையோடு நடக்கப் புறப்பட அதுவே தக்க பருவம். 1956இல் பிரித்தானியாவில் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டம் இலங்கையிலும் நடைபெறுகிறது. 14 முதல் 24 வயது வரையுள்ளோர் அதில் சேரலாம். அதன் ஓர் அங்கம் குழுவாக மேற்கொள்ளும் பயணம். வெண்கல விருதுக்கு இரண்டு பகல், ஓர் இரவு. தங்க விருதுக்கு நான்கு பகல், மூன்று இரவு. பயணத்துக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. வழியில் காணும் உயிரினங்களை எண்ணிப் பதிவதை விடப் பயனுள்ள நோக்கம் இந்த மண்ணில் எது?

ஒரே வழியில் மூன்று உலகங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து குருமண்வெளித் துறைக்கு நடந்து, அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்தால் மண்டூர். இந்தச் சிறிய தூரத்துக்குள் கண்டல் மரங்கள், திறந்த நீர், வயல்வெளி மூன்றும் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு அலகுகள் வேலை செய்கின்றன. குறுகிய அலகுள்ள உப்புக்கொத்தி கண்ணால் இரை தேடும். ஓடும், நிற்கும், கொத்தும். உள்ளானின் அலகு நுனியில் தொடுவுணர்வு நிறைந்திருப்பதால் சேற்றுக்குள் மறைந்திருக்கும் புழுவையும் அது கண்டுபிடிக்கும். கரண்டிவாயன் நீரை இடமும் வலமும் துழாவும். மண்டூர்ப் பக்க வயலில் நத்தைகுத்தி நாரை நத்தைக்குக் காத்து நிற்கும். இரையும் அதைப் பிடிக்கும் முறையும் பிரிந்திருப்பதால்தான் ஒரே வாவி இத்தனை இனங்களைத் தாங்குகிறது.

வயல்களைத் தாண்டி மேற்கே காட்டோரம் போனால் யானையின் நடமாட்டம் உண்டு. முன்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால், அந்த யானையின் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். பகலில், ஊர் விவசாயி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பழைய தடங்களை மட்டும் அளக்க வேண்டும். ஈரம் காயாத இலத்தியைக் கண்டால் குழு அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும்.

எண்ணும் முறை

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று மனத்தில் பதித்து, அந்த அளவால் முழுக் கூட்டத்தையும் அளக்கலாம். மூன்று பேர் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். நேரம், இடம், நடந்த தூரம், பார்த்தவர் தொகை நான்கும் கொப்பியில் ஏற வேண்டும். அடுத்த ஆண்டு வருபவர்கள் அதே வழியில், அதே பருவத்தில் நடந்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும்.

காணாததையும் எழுதுங்கள். கூழைக்கடா இல்லையென்றால் பூச்சியம் என்று குறியுங்கள். பறவை வரவில்லையா, பார்க்க யாரும் போகவில்லையா என்ற ஐயத்தைப் பின்னாளில் தீர்ப்பது அந்தப் பூச்சியம்தான்.

சிறு குழுக்களின் எண்களுக்கு மதிப்பு இருக்குமா என்று தயங்க வேண்டாம். 1900இல் வட அமெரிக்காவில் 27 பேருடன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்று நூறாண்டு கடந்த ஆவணம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் மக்கள் பறவைகளை எண்ணிப் பதிகிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. 2021இல் மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பொருத்திப் பறக்கவிட்ட ‘மேகா’ என்ற கடற்காகம், ரஷ்யாவின் வடபகுதியிலுள்ள யமால் தீபகற்பம் வரை போனது. நம் கரையில் நிற்கும் பறவைக்கு எத்தனை நாடுகள் பொறுப்பு என்பதை அந்த ஒரு பயணம் காட்டியது.

ஆனால் கருவி பறவையின் வழியை மட்டுமே சொல்லும். முகத்துவாரத்தை முன்கூட்டி வெட்டிய ஆண்டில் கரைப்பறவைகள் கூடினவா, குறைந்தனவா? கண்டல் நட்ட இடத்தில் கொக்குகள் அடையத் தொடங்கிவிட்டனவா? இவற்றுக்கு விடை சொல்ல, ஆண்டுதோறும் அதே கரையில் நடக்கும் ஊர்ப் பிள்ளைகளின் கொப்பி வேண்டும். வாவிக்கரைப் பாடசாலைகளின் சாரணர் குழுக்களும் இளைஞர் கழகங்களும் ஆளுக்கொரு வழியைப் பொறுப்பேற்று வரும் தை மாதமே நடக்கத் தொடங்கட்டும். பத்தாண்டுக்குப் பின் வாவியைப் பற்றி முடிவெடுப்பவர்களின் மேசையில் அந்தக் கொப்பிகள் இருக்க வேண்டும்.