மூங்கில் குருத்து கற்பித்த பாடம்



சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் ஆசிரியப் பணி செய்யும் எங்களிடம் பெற்றோர்கள் அடிக்கடி கொண்டுவரும் முறையீடு ஒன்று உண்டு. "வாத்தியாரே, பையன் எந்நேரமும் படம் போட்டுக்கிட்டே இருக்கான். நீங்களாவது கண்டிச்சு வையுங்க. படம் போட்டா வயிறு நிறையுமா?" என்பார்கள். தோட்டத்து வேலையில் கை காய்த்துப்போன ஒரு தாயார் இப்படிக் கேட்கும்போது, அந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்க முடியாது. கணக்குப் புத்தகத்தில் படம் வரைந்த மாணவன் ஒருவனை நாங்களே வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தோம். அதன்பின் அவன் வரையவே இல்லை. அந்தக் குறை எங்கள் மனத்தில் இன்னும் இருக்கிறது. ஆகவேதான், வெளிநாடு சென்று கலை பயின்ற ஒரு மலேசியரைப் பற்றி இன்று பேச எண்ணினோம்.

அவர் பெயர் லத்திப் மொகிதின். 1941ஆம் ஆண்டு நெகிரி செம்பிலானில் உள்ள லெங்கேங்கில் பிறந்தவர். சிங்கப்பூரில் மலாய்ப் பள்ளியில் படித்த சிறு வயதிலேயே அவருடைய ஓவியங்கள் கண்காட்சியில் வைக்கப்பட்டன. 1960இல் உபகாரச் சம்பளம் பெற்று மேற்கு பெர்லினுக்குச் சென்றார். அங்கே நுண்கலைக் கல்லூரியில் 1964 வரை பயின்றார். ஊரைப் பிரிக்கும் பெர்லின் சுவர் எழுந்ததும் அவர் அங்கிருந்தபோதுதான், 1961இல்.

அயல்நாட்டில் அவர் கண்டது என்ன? ஐரோப்பிய ஓவிய முறைகளைக் கற்றார், உண்மை. ஆனால் அந்நகரின் அரும்பொருட்காட்சி சாலையில், நமது தென்கிழக்காசியக் கலைப் பொருள்களையும் கண்டார். சயாம், கம்போடியா நாடுகளின் பௌத்தக் கோபுர வடிவங்கள் அவர் கண்ணில் நின்றன. அக்கோபுரத்திற்குப் பகோடா என்று பெயர். நாம் தேநீரோடு தின்னும் பக்கோடா அல்ல! வீட்டை விட்டுப் பல்லாயிரம் மைல் சென்ற பிறகே, வீட்டின் அருமை அவருக்குத் தெரிந்தது.

படிப்பு முடிந்ததும் தாய்லாந்து, கம்போடியா முதலிய நாடுகளில் சுற்றி, கண்டதையெல்லாம் வரைந்தார். கோபுரத்தின் கூர்மையும் மூங்கில் குருத்தின் கூர்மையும் அவர் கையில் ஒன்றாயின. அப்படிப் பிறந்த ஓவியங்களே 'பாகோ பாகோ' வரிசை. 2018இல் பாரிஸ் நகரின் பொம்பிடு நிலையம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

மூங்கில் குருத்தை நாம் அறியாதவர்களா? கறி சமைப்போம். கைலியின் தலைப்பில் வரிசையாக நிற்கும் முக்கோணங்களைப் பாருங்கள். மலாய்க்காரர்கள் அதைப் 'புச்சோக் ரெபோங்', அதாவது மூங்கில் குருத்து என்பார்கள். உருவமைப்புக் கலை என்பது இதுதான். இயற்கைப் பொருளை உற்று நோக்கி, தேவையற்றதை நீக்கி, அதன் உயிரான வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது.

அந்தக் குருத்து ஓவியத்தோடு நிற்கவில்லை. ஹிஜாஸ் கஸ்தூரி என்ற கட்டடக் கலைஞர், கொழும்புத் திட்ட உதவியில் ஆஸ்திரேலியாவில் பயின்றவர். லத்திப்பின் படைப்பைத் தூண்டுதலாகக் கொண்டு, கோலாலம்பூரில் டெலிகோம் கோபுரத்தை வடிவமைத்தார். 2001இல் கட்டி முடிந்த அது 310 மீட்டர் உயரம், 55 மாடி. மடல் விரித்து எழும் குருத்தைப் போலவே நிற்கிறது. எத்தனை பொறியாளர், எத்தனை கொத்தனார், எத்தனை மின் பணியாளருக்கு அது வேலை கொடுத்திருக்கும்! ஒரு தாளில் போட்ட கோடு அத்தனை பேருக்குச் சோறு போட்டது.

படம் வரையும் பிள்ளைகள் எல்லாரும் பெர்லினுக்குப் போவார்கள் என்று நாங்கள் ஆசை காட்டவில்லை. கணக்கும் மொழியும் கட்டாயம் வேண்டும்; கட்டட வரைபடத்துக்குக் கணக்கே அடிப்படை. ஆனால் துணிக்கும் நாற்காலிக்கும் புத்தக அட்டைக்கும் வடிவம் தருவது இன்று ஒரு தொழில். அதைக் கற்பிக்கும் கல்லூரிகள் நம் நாட்டிலேயே உண்டு.

தாய்மார்களே, விடியற்காலையில் வாசலில் புள்ளி வைத்து நீங்கள் போடும் கோலமும் உருவமைப்புத்தான். உங்கள் பிள்ளை அதைப் பார்த்துத்தான் முதல் கோட்டை இழுத்திருப்பான். அடுத்த முறை அவன் படம் வரைந்தால், "இது என்னப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்களும் இப்போது அப்படித்தான் கேட்கிறோம்.