வங்கி கடன் தர யோசிப்பது ஏன்?



"தவணை தவறாம கட்டுறோம். ஆனா கடன் கேட்டா இப்ப இல்லைங்கிறாங்க. நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" குழுக் கூட்டங்களில் உறுப்பினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. எல்லா நேரமும் குறை நம்மிடம் இல்லை. வங்கியின் மூலதனமும் ஒரு காரணம்.

மூலதனம் என்றால் என்ன?

நாம் போடும் சேமிப்பு வங்கியின் சொந்தப் பணம் இல்லை. கேட்டால் திருப்பித் தரணும். பங்குதாரர்கள் போட்ட முதலும், சேர்த்து வைத்த லாபமும்தான் அதன் மூலதனம். கொடுத்த கடன் வராமல் போனால் நஷ்டத்தை முதலில் தாங்குவது இதுதான்.

அதனால் ரிசர்வ் வங்கி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஈடில்லாத தனிநபர் கடனாக 1 லட்சம் கொடுத்தால், குறைந்தது 9,000 ரூபாய் மூலதனம் வேண்டும் என்றிருந்தது. 2023 நவம்பரில் அது 11,250 ஆனது. மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு 2025 பிப்ரவரியில் மறுபடி 9,000 ஆக்கினார்கள். வீட்டை அடமானமாக வைக்கும் சிறிய வீட்டுக் கடனுக்கோ 3,150 ரூபாய் போதும். மூலதனம் குறைவான வங்கி எந்தக் கடன் பக்கம் சாயும்? நீங்களே யோசிங்க.

மூலதனம் கரைந்தால்?

பெரிய கம்பெனிகள் கட்டாத கடனால் பல அரசு வங்கிகளின் மூலதனம் கரைந்தது. சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 முதல் 2021 வரை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு நடவடிக்கையில் இருந்தது. அரசு வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் திரட்டித் தரும் திட்டத்தை மத்திய அரசு 2017 அக்டோபரில் அறிவித்தது. எங்கோ பெரியவங்க கட்டாத கடன், நம்ம ஊர் கிளையிலும் கையை இறுக்கும்.

நம்ம பலம் என்ன?

குழுக் கடனுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கிகள் நலிந்த பிரிவினருக்குக் கட்டாயம் தர வேண்டிய கடனில் குழுக் கடனும் சேரும். ஆகவே நாமும் வங்கிக்குத் தேவைதான்.

கடன் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைத் தீர்மான நோட்டில் பதிந்து கூட்டமைப்புக்குத் தெரிவியுங்கள். வரவு செலவுப் புத்தகம், தவணை விவரத்தோடு சேர்ந்து போய்ப் பேசுவோம். அதுவரை அவசரப்பட்டு கந்துவட்டிக்காரரிடம் போயிடாதீங்க.