ஈரத்திலும் வாடும் செடி

வெம்பக்கோட்டைப் பக்கம் தண்ணீர் லேசில் கிடைக்கிற பொருளல்ல. மழை குறைந்த, காற்று வறண்ட பூமி. தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசி வட்டாரத்தில் நிலைத்ததற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். இப்படிப்பட்ட ஊரில் வாசல் தொட்டியில் நிற்கும் துளசி தலையைத் தொங்கப்போட்டால், செம்பு நிறையத் தண்ணீரோடு ஓடத்தான் தோன்றும். மறுநாளும் வாடினால் இரண்டு செம்பு. அந்தப் பிரியத்தாலேயே பல செடிகள் சாகின்றன.

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகளெல்லாம் தண்ணீரால் அடைபட்டால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் சதசதவென்று ஈரம் இருக்கும், இலைக்கு ஒரு சொட்டும் ஏறாது. பார்வைக்குத் தாகத்தில் வாடிய செடி போலவே இருக்கும். இந்த நேரத்தில்தான் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிர்கள் வேரைத் தாக்குகின்றன. அவற்றின் வித்துகள் ஈர மண்ணில் நீந்தியே வேரை வந்து சேரும்.

நம் ஊரில் இந்தத் தொல்லை கூடுதல். காரணம், தொட்டியில் நாம் அள்ளிப் போடும் கரிசல். நனைந்தால் உப்பிப் பிசினாகும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் அது. காட்டில் பருத்திக்கு அந்தக் குணம்தான் வரம்: மழை ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைக்கும், வெடிப்பு விழும்போது உள்ளே காற்றும் இறங்கும். தொட்டியில் நடப்பது வேறு. தினமும் ஊற்றுவதால் மண் காய்வதேயில்லை, வெடிப்பு விழுவதேயில்லை, வேருக்கு மூச்சுவிட ஒரு நாளும் வாய்ப்பதில்லை. கண்மாய்க் கரம்பை வயலுக்கு நல்ல உரம்தான். அதை மட்டும் அடைத்த பிளாஸ்டிக் வாளி செடிக்கு ஆகாது.

ஆகவே, செடி வாடினால் முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உச்சி வெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிர்கிற செடிக்கு ஒன்றுமில்லை. காலையிலும் துவண்டிருந்து, விரலில் ஈரம் ஒட்டினால் ஊற்றுவதை நிறுத்துங்கள். தொட்டியின் அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிட்டு, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். பாதிப்பு லேசானது என்றால் மண் காயக் காயச் செடி தானே தேறும்.

மண்ணில் அழுகல் வாடை அடித்தால் காத்திருக்கக் கூடாது. செடியை வேரோடு எடுத்து அலசிப் பாருங்கள். வெளுத்து உறுதியாக இருப்பது உயிருள்ள வேர். பழுத்துக் கொழகொழத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வருவது செத்த வேர். சுத்தமான கத்தரியால் அதை வெட்டி எறியுங்கள். மிஞ்சிய வேர் தாங்கும் அளவுக்கு மேலே கிளைகளையும் குறையுங்கள். செம்மண், பருமணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, முன்னதைவிடச் சிறிய மண்தொட்டியில் நடுங்கள். மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும்.

அடியில் ஜல்லியும் ஓட்டுச்சில்லும் கனமாகப் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது சரியல்ல. நுண்மண்ணில் நிற்கும் நீர் பருங்கல்லுக்குள் எளிதில் இறங்காது, கல்லுக்கு மேலேயே தேங்கும். ஈரம் நிற்கும் மட்டம் வேரை நோக்கி உயர்வதுதான் மிச்சம். துளையை மூட ஒரு சில்லு போதும். வடிகாலைத் தீர்மானிப்பது மண்கலவை.

நட்டதும் ஒருமுறை தண்ணீர் விட்டு, மேல்மண் காய்ந்த பிறகே அடுத்தது. புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம், காயம்பட்ட வேரை அது மேலும் கருக்கும். வேர் முழுக்க அழுகிய ரோஜாவைத் தேற்றுவது அரிது. மணிபிளான்ட் என்றால் பச்சையாக இருக்கும் கொடியில் கணுவோடு ஒரு துண்டு நறுக்கித் தண்ணீர் பாட்டிலில் போட்டு வையுங்கள், சில வாரங்களில் வேர் விடும். துளசியின் இளங்கிளையும் அப்படியே பிழைக்கும்.